இரண்டு மணிக் கட்டம்

நாலாம் கட்டிலில் கிடந்த பஸ் டிரைவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் கிடையாது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, கால்மாட்டில் தொங்கும் தாளில் அந்த நேரத்துக் கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்த வார்டில் டிக் மட்டும் பிசகாமல் விழுந்தது. காலையில் வந்த கையோடு சாயங்காலம் வரைக்குமான கட்டங்களை நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. நடக்கப்போவதை முன்கூட்டியே அறிந்த மகாஞானிகள்.

வார்டுத் தலைவி பெரிய சிஸ்டர். அவருடைய தம்பி மனைவியும் அங்கேயே நர்ஸ் என்பதால் அவள் சின்ன சிஸ்டர். மூன்று வருடமாக அவளும் அப்படித்தான் டிக் போட்டாள். பிறகு படுக்கைப்புண் தடுப்புக்கு ஒரு மூன்று நாள் பயிற்சி வந்தது. யாரும் போக மாட்டேன் என்றதால் அவள் தலையில் கட்டினார்கள்.

பாடம் எடுத்த அம்மா முதல் நாளே எல்லோரையும் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு மணி நேரம் அசையக் கூடாது என்றார். நாற்பதாவது நிமிடத்தில் சின்ன சிஸ்டருக்கு முதுகின் அடியில் எரிய ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டிரைவருக்கு எரிவதுகூடத் தெரியாதே என்று நினைத்தபோது அழுகை வந்தது.

சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதோடு பயிற்சி முடிந்தது என்று வார்டு நினைத்தது. அவளோ தன் பொறுப்பிலிருந்த நாலாம் கட்டில் தாளில் புரட்டினால் மட்டும் டிக் போட்டாள். புரட்ட இரண்டு பேர் வேண்டும். மதியம் இரண்டு மணிக் கட்டம் தினமும் காலியாக நின்றது. அது பணி மாறும் நேரம். இருந்தவர்கள், வந்தவர்கள் எல்லோரும் அறைக்குள் உட்கார்ந்து நோயாளிகளின் விவரம் பேசிக்கொண்டிருப்பார்கள். டிரைவரின் முதுகடியில் ஏற்கெனவே சிவந்திருந்தது.

தணிக்கைக்கு முதல் நாள் பெரிய சிஸ்டர் கூப்பிட்டார்.

"பத்து நாளா ரெண்டு மணிக் கட்டம் காலியா கிடக்கு. டிக் போட்டுடு."

"புரட்டலையேக்கா."

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஆளுங்க வர்றாங்க."

"டூட்டி மாறறப்ப பேசற பேச்சைக் கட்டில்கிட்ட நின்னு பேசலாம்க்கா. பேசிக்கிட்டே ரெண்டு பேர் புரட்டிடலாம். அங்க அப்படித்தான் செஞ்சு பழகினோம்."

"இருபது வருஷமா உள்ள உட்கார்ந்துதான் பேசறோம். மூணு நாள் படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கறியா? டிக் போடலைன்னா நாளன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஓ.பி. சீட்டு எழுதப் போயிடுவே."

வார்டை விட்டால் அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

"போறேன்க்கா. கட்டம் காலியாத்தான் இருக்கும்."

தணிக்கையில் கேட்டார்கள். "புரட்டலை" என்றாள். அன்று மாலையே மாற்றல் தாள் கைக்கு வந்தது.

"என்னம்மா, வண்டியை நடுவழியில விட்டுட்டுப் போறியே" என்றார் டிரைவர்.

"ரெண்டு மணியானா சத்தம் போடுங்கண்ணே. யார் முறைச்சாலும் விடாதீங்க."

"ஓடறது வாய் ஒண்ணுதானே. போட்டுடறேன்."

மூன்று வாரம் வாசலில் சீட்டு எழுதினாள். வீட்டு விசேஷமொன்றில் பெரிய சிஸ்டர் தம்பியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். இவளும் வளைந்து கொடுக்கவில்லை.

ஒரு நாள் மதியம் கோப்பு கொடுக்க வார்டுக்கு வந்தபோது மணி இரண்டு பத்து. அறையில் நாற்காலிகள் காலி. நர்ஸுகள் நாலாம் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரிய சிஸ்டர் டிரைவரின் தோளுக்கடியில் கை கொடுத்தபடி விவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முத நாள் சத்தம் போட்டப்ப என்னை அதட்ட வந்தாங்கம்மா" என்றார் டிரைவர். "முதுகைப் பார்த்தாங்க, தோல் கிழிஞ்சிருந்துச்சு. அப்புறம் அதட்டவே இல்லை."

அவள் தாளைப் பார்த்தாள். வரிசையாக டிக். போன வியாழக்கிழமை மட்டும் காலி. பக்கத்தில் பெரிய சிஸ்டரின் கோழிக்கிறுக்கல்: புரட்டவில்லை, ஆள் போதவில்லை. கீழே கையெழுத்து.

"வேடிக்கை பார்க்கவா வந்தே? இடுப்பைப் பிடி" என்றார் பெரிய சிஸ்டர், நிமிராமல்.

பிடித்தாள். புரட்டினார்கள். பெரிய சிஸ்டர் பேனாவை நீட்டினார்.

"நான் இந்த வார்டு இல்லையேக்கா."

"புரட்டினது யாரு? போடு."