இடுப்பில் ஒரு ஜிப்

கொல்கத்தா கிடர்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்த வசுமதிக்கு ஒரு பாய்லர் சூட் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு, முன்பக்கம் நீளமாக ஒரு ஜிப். கழிப்பறைக்குப் போவதென்றால் தோளிலிருந்து முழுவதையும் இறக்கி, கைப்பகுதி ஈரத்தரையில் படாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். மூன்றாம் மாதம் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாகப் படுத்தாள். டாக்டர் காரணம் கேட்டபோது வேலை அதிகம் என்று சொல்லி வைத்தாள்.

உடம்பு தேறியபின் ஒரு நாள் கரியாஹாட் கடைத்தெருவில், கடைக் கண்ணாடிக்குள் அதே உடுப்பைப் பார்த்தாள். மெரூன் நிறம், வழவழப்பான துணி, இடுப்பில் பெல்ட். ஜம்ப்சூட் என்று பெயர். உள்ளே போய், இதைப் போட்டுக்கொண்டு பாத்ரூம் போவது எப்படி என்று கடைக்காரப் பெண் தேப்ஜானியிடம் வங்காள மொழியில் கேட்டுவிட்டாள். ஃபேஷன் படித்திருந்த தேப்ஜானி சிரிக்கவில்லை. பாராசூட்டில் குதிப்பவர்களுக்காக வந்த உடுப்பு, யுத்தகாலத்தில் தொழிற்சாலைப் பெண்கள் போட்டார்கள், பிறகுதான் பார்ட்டிகளுக்கு வந்தது, போட்டுப் பார்த்தவர்களில் பாதிப் பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்றாள். பெல்ட்டை விலக்கிக் காட்டினாள். பின்னிடுப்பைச் சுற்றி மறைவாக ஒரு ஜிப் ஓடியது. அதைத் திறந்தால், தோளிலிருந்து இறக்காமலே பின்பக்கம் மட்டும் இறங்கும்.

தேப்ஜானியின் தையல்காரர் பாய்லர் சூட்டிலும் அப்படியே பித்தளை ஜிப் வைத்துத் தந்தார்.

பத்தே நாளில் பாதுகாப்பு அதிகாரி சௌந்தரராஜன் அதைக் கவனித்துவிட்டார். சீருடையை மாற்றித் தைப்பது விதிக்கு விரோதம். அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். வசுமதி சமாளிக்கத்தான் நினைத்திருந்தாள். வாயில் உண்மை வந்துவிட்டது.

"தண்ணி குடிக்காமயே வேலை பாத்தேன் சார். ஜுரம் வந்து லீவு போட்டது அதனாலதான்."



"இத யாருமே எங்கிட்ட சொன்னதில்லையேம்மா."

"எப்படி சார் சொல்றது?"

தலைமையகத்துக்கு எழுத உட்கார்ந்தார். 'பெண் ஊழியர்களின் வசதிக்காக' என்று தொடங்கியவர், திருப்தியில்லாமல் கணினியை அவள் பக்கம் திருப்பினார். இதை அணிந்துகொண்டு பெண்களால் கழிப்பறைக்குப் போக முடியவில்லை என்று அவள் எழுதினாள். அவர் அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இரண்டு மாதத்தில், இடுப்பில் ஜிப் வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. பெயிண்ட் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் ராஜலக்ஷ்மி, அறிவிப்புப் பலகையில் அதை நின்று படித்தாள்.

"நம்ம உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு இத்தனை நாளா நெனச்சுட்டேன் வசு" என்றாள்.

 சனிக்கிழமை இருவரும் நான்கு சூட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு கரியாஹாட் பஸ் ஏறினார்கள்.