கதை இல்லாத உழவன்

எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாமாண்டில் பாடமாக இருந்த அறுநூறு வருஷத்துப் பழைய ஆங்கிலக் காவியத்தை முழுசாகப் படித்தவள் ஜெயராணி ஒருத்திதான். பாடம் நடத்திய வைத்திலிங்கம் சாரே முழுசாகப் படித்ததில்லை. யாத்திரை போகிற ஒரு கூட்டம். பிரபு முதல் சமையல்காரன் வரை ஒவ்வொருவரையும் உடை, நடை, சாப்பிடுகிற லட்சணம் சொல்லி ஆளையே எதிரில் நிறுத்தியிருப்பார் புலவர். பிறகு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

துறை விழாவுக்கு அதை நாடகமாகப் போடுவதென்று முடிவானது. அதில் வருகிற கன்னியாஸ்திரி, கன்னிமாடத் தலைவி வேஷம் தனக்குத்தான் என்று நம்பி, விடுதிக் கண்ணாடி முன் நின்று வசனம் முழுவதையும் நெட்டுரு போட்டுவிட்டாள் ஜெயராணி. மகள் மேடையில் இங்கிலீஷ் பேசுவதைப் பார்க்கவேண்டும் என்று அப்பா ராஜாமணி லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கம்மாபுரம் பக்கம் தபால் ஆபீஸில் கிளார்க்.

சார் ஆளைப் பார்த்து வேஷம் கொடுத்தார். பண்ருட்டியில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை செந்தமிழ்செல்வன் பிரபு. சிவந்த நிறத்துக்காரி வெண்மதி கன்னிமாடத் தலைவி.

"ஜெயராணி, நீ கம்மாபுரம் காலனிதான? உழவனப் பண்ணிடும்மா. புலவரு அவனத்தான் ஜாஸ்தி புகழ்றாரு. செலவும் இல்ல, மம்பட்டி ஒங்க வீட்லயே இருக்கும்."

"அவனுக்குக் கதையே கெடையாதே சார். கடைசி வரைக்கும் பேச மாட்டானே."

"நின்னாப் போதும்மா. அதுவும் பார்ட்டுதான்."

அவள் சொன்னது சரி. சாணி சுமந்தவன், வரியை ஒழுங்காகக் கட்டியவன், வம்புதும்புக்குப் போகாதவன் என்று வாயாரப் புகழ்ந்த புலவர், கதை சொல்லும் வாய்ப்பை மட்டும் அவனுக்குத் தரவில்லை. புகழ்ந்து ஓரங்கட்டுவது சீமையிலும் உண்டு போலிருக்கிறது.

ராஜாமணி வீட்டில் மண்வெட்டி கிடையாது. 'நான் பிடித்தது போதும்' என்று அவருடைய அப்பா அவரை அதைத் தொடவிட்டதே இல்லை. மகள் கேட்டாளே என்று கடையில் புதிதாக வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதன் பளபளப்பு சாருக்குப் பிடிக்கவில்லை. சேற்றைப் பூசச் சொன்னார். ஒத்திகை தோறும் பக்கத்தில் நின்று, "குனிஞ்சு புடி. தோள் எறங்கட்டும். தலைய நிமுத்தாத" என்று அவளைப் பழக்கினார்.

விழாவன்று ராஜாமணி இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். யார் பேசி முடித்தாலும் அடுத்தது மகள்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். திரை விழுந்த பிறகும் அவர் கை இறங்கவில்லை. திரை இடுக்கு வழியாக அதைப் பார்த்த ஜெயராணி, மண்வெட்டியை மூலையில் சாய்த்துவிட்டு இறங்கி வந்து அவரை வாசலுக்கு அழைத்துப் போனாள்.

வாசலில் சார் வந்து அவள் முதுகில் தட்டினார். "ஒங்க பொண்ணு பிரமாதம்ங்க. மத்தவங்கல்லாம் நடிச்சாங்க, இவ நடிக்கவே இல்ல. மம்பட்டி புடிக்கிறது ரத்தத்துலயே ஊறியிருக்கு."

ராஜாமணி கைகூப்பினார்.

"அய்யோ இல்லீங்க சார். எனக்கே புடிக்கத் தெரியாது. எல்லாம் நீங்க கத்துக்குடுத்ததுதான்."

பாவம், மரியாதைக்குத்தான் சொன்னார். கூப்பிய அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட வேண்டும்போல் இருந்தது ஜெயராணிக்கு. அதற்குள் சார் சிரித்துக்கொண்டே அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.