குழியில் விழாத ரத்தம்

மொருகா ஊரின் கார்னிவல் கம்புச் சண்டைக் களத்தில் ஹோலிஸ் அடித்த அடி, அவன் அக்கா புருஷன் ரூபர்ட்டின் மண்டையில் இறங்கியும் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. ரத்தம் வந்தால் அடிபட்டவன் அதைக் களத்து நடுவிலிருக்கும் குழியில் சிந்திவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். ரூபர்ட் சிரித்தான்.

"ஏண்டா மச்சான், சோறு தின்னியா இல்லியா? கொசு கடிச்ச மாதிரி இருக்கு!"

ஊரே சிரித்தது. மேளம் நின்றால் கம்பை இறக்கிவிட வேண்டும் என்பது களத்து விதி; அது நின்ற பிறகு விழுந்த அடி. அந்தக் கூச்சலில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, ஆனால் அடித்தவனுக்குத் தெரியும்.

மறுநாளே ரூபர்ட்டுக்குத் தலைவலி. ஹோலிஸ் அக்காவுக்குத் தெரியாமல் தினமும் ஆஸ்பிரின் கொண்டுபோய்க் கொடுத்தான். டாக்டரிடம் போனால் அடியைப் பற்றிக் கிளறுவார்களே! மூன்றாம் வாரம் ரூபர்ட்டுக்கு நாக்குக் குழறியது, கால் இழுத்தது.

"கார்னிவல் முடிஞ்சும் உனக்கு ரம் இறங்கலியா?" என்று வெர்னா அக்கா தெருவே கேட்கத் திட்டினாள். ஹோலிஸும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினான். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா!

ஐந்தாம் வாரம் ரூபர்ட் சுருண்டு விழுந்தான்.

"மண்டைக்குள்ள கொஞ்சங் கொஞ்சமா ரத்தம் கசிஞ்சு மூளைய அழுத்துது," என்றாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "மண்டையத் திறக்க வேணாம். மணிக்கட்டு வழியா மெல்லிசா குழாய் விட்டு, கசிவுக்குத் தீனி போடுற ரத்த நாளத்த அடைச்சிடுவோம். மிச்சத்த உடம்பே உறிஞ்சிக்கும். ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் வெர்னா.

ஹோலிஸ் முன்னால் வந்தான். "ஆஸ்பிரின். தினமும் ரெண்டு. நாந்தான் குடுத்தேன்."

"ஐயோ, அது கசிவ இன்னும் கூட்டுமே!" என்றாள் டாக்டரம்மா.

வெர்னா திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

மூன்று மாதத்தில் ரத்தம் கரைந்துவிட்டது. சாராயக் கடை வாசலில் ரூபர்ட், எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொண்டு, பழையபடி அளந்தான்: "இவன் அடிச்சும் குழியில ஒரு சொட்டு விழலியே!"

கூட்டம் கலைந்ததும் ஹோலிஸ் தலைகுனிந்தபடி சொன்னான். "அத்தான், மேளம் நின்னப்புறம்தான் நான் அடிச்சேன்."

"தெரியும்டா. அன்னிக்கே களத்துல மேளம் அடிச்ச பெரியவர் வந்து, நிறுத்தினப்புறம் ஏன் அடிச்சான்னு கேட்டாரு. உனக்கு ஒரு காது மந்தம், மேளம் நின்னது தெரியலன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீ மாத்திப் பேசி என் மானத்த வாங்காத."

ஊரார் சில மாதங்களாகத் தன்னிடம் ஏன் கத்திக் கத்திப் பேசுகிறார்கள் என்று அப்போதுதான் ஹோலிஸுக்கு விளங்கியது.

"என்ன மச்சான், கேட்டுச்சா?"

கேட்டது. இரண்டு காதிலும் கேட்டது.