போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை

அனந்தலக்ஷ்மிக்கு வாய் நீளம் என்பது பவானிபூர் முழுக்கத் தெரியும். அந்த வாயை நம்பித்தான் அன்று ஜாதவ்பூருக்கு பஸ் ஏறினாள். அவள் ஆராய்ச்சிக்கு இன்னொரு தடவை கம்ப்யூட்டர் கிடைப்பது அங்கே கம்ப்யூட்டர் சென்டரை நடத்தும் பேராசிரியர் பட்டாபிராமனின் கையெழுத்தில் இருந்தது. எழுபத்துநான்கில் கல்கத்தாவில் கம்ப்யூட்டர் கிடைப்பது லேசா என்ன? அவர் மாட்டேன் என்றால் இத்தனை வருஷ உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான்.

தமிழ் வீடுகளிலும் வங்காளி வீடுகளிலும் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, கம்ப்யூட்டர் படிப்பதற்கான அட்டைகளில் துளை போட்டிருந்தாள். எந்த வீட்டுப் பேச்சு எந்த வீட்டோடு ஒத்துப்போகிறது என்று மெஷின் கணக்குப் போடும். சாப்பாட்டுப் பேச்சில் மீன் வந்து இரண்டு கூட்டத்தையும் பிரித்துவிட்டது. வாசலில் விடைபெறும் பேச்சிலோ எல்லோரும் ஒரே கூட்டமாகிவிட்டார்கள்.

பட்டாபிராமன், மெஷின் அச்சடித்துத் தந்த காகிதத்தைத் தட்டினார். "அட்டையில தப்பு. கிளம்பறவா ஒருத்தர்கூட 'போறேன்'னு சொல்லலையா? அத்தனை பேரும் வந்துண்டேதான் இருக்காளா?"

"தப்பில்லை சார். நாம 'வரேன்'ங்கறோம். அவா 'ஆஷி'ங்கறா. அதுக்கும் வரேன்னுதான் அர்த்தம்."

"வெறும் பழக்கம். இதுல கணக்கு எங்கே வந்தது?"

"யாரும் யோசிச்சுச் சொல்றதில்லையே சார். ஊரே சேர்ந்து ஒரு மனசா யோசிச்சு வெச்சிருக்கு. அந்த மனசைத்தான் கணக்குல பிடிக்கப் பார்க்கறேன்."

"எனக்காக எந்த ஊரும் யோசிக்க வேண்டாம். நான் வார்த்தையை அளந்து பேசறவன்." அவர் கையெழுத்துப் போடாமலே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

அனந்தலக்ஷ்மிக்குக் கோபம் வந்தது. ஆனால் பயம் மட்டும் வரவில்லை. தன் கணக்கின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. மனிதர் கதவு வரை போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாயை மூடியதைப் பவானிபூரில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

கதவருகே போன பட்டாபிராமன், பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த வங்காளி லாஹிரியைப் பார்த்து, அண்ணா முறை வைத்து, "ஆஷி, தாதா," என்றார். அதே மூச்சில் அவள் பக்கம் திரும்பி, "வரேம்மா," என்றார்.

அவள் புது அட்டை ஒன்றை எடுத்து, பென்சிலால் இரண்டு வார்த்தையையும் எழுதிக்கொண்டாள்.

அவர் கை கதவிலேயே நின்றுவிட்டது. காது இரண்டும் சிவந்துபோயின. பிறகு, சொன்னபடியே வந்தார். பேனாவைத் திறந்தார்.