எண்பதாயிரம் கிலோமீற்றர் ரயர்

"எது கனகாலம் நிண்டு பிடிக்கும்?" என்று யசோதரன் மூன்றாம் தடவையும் கேட்டான்.

சடகோபனுக்குச் சிரிப்பு வந்தது. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து மெல்பேர்ணின் டண்டினோங்கில் பதினைந்து வருடமாகக் கார் ரயர் விற்கிற மனிதர். கடைக்கு வருகிற இலங்கைத் தமிழர் எல்லோரும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆனால் இன்றைக்கு எதிரே நின்றவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அன்று வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி, யூலைக் குளிர். யசோதரனின் தம்பி லதீஸுக்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மெல்பேர்ண் நகரத்தில் விசா இன்ரவியூ. லதீஸோ முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால், பனிச்சறுக்கு மலை ஒன்றின் உச்சியில், ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறான். பள்ளிக்கூட விடுமுறையென்று சனம் ஏறி, மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஞாயிறு வரை இடமில்லை. படகில் வந்தவன். முதல் தடவை விசா இல்லையென்று எழுதிவிட்டார்கள். இந்த இரண்டாம் இன்ரவியூவையும் காய்ச்சல் என்று ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று.

"இனித் தள்ளேலாது. ஆள் போகாட்டில் கையிலை இருக்கிற பேப்பரை வச்சே முடிவு எழுதிப்போடுவினம். அந்தப் பேப்பரை வச்சுத்தான் முதலும் இல்லையெண்டவை" என்று லோயர் வரதராஜா காலையில் போனில் சொல்லிவிட்டார். இந்த முறையும் இல்லையென்றால் கொழும்புக்குப் பிளேன். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை யசோதரன் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடிதம் நேற்றுத்தான் வந்ததா என்றால், அதுவுமில்லை. திங்கட்கிழமையே வந்துவிட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது! யசோதரனின் மனைவி நிரஞ்சினி அதை உடைக்காமல் பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். முதல் கடிதத்தை அட்டமியில் உடைத்ததால்தான் மறுத்தார்கள் என்பது அவளுடைய முடிவு. திங்கள் அட்டமி, செவ்வாய் நவமி, புதன் கரிநாள். வியாழன் காலை முழுகி, விபூதி பூசி, நல்ல நேரம் பார்த்து உடைத்தால் உள்ளே நாளை பத்து மணி என்று இருக்கிறது. அப்படியே குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள். "என்னை அடியுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அவன் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், காரின் முன் ரயர் இரண்டும் தேய்ந்து கம்பி தெரிவதைக் கண்டான்.

மருந்துப் பார்சல்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் கிழமைக்கு நானூறு கிலோமீற்றர் ஓடுகிற கார் அது. இந்த மாதம் மாற்றுவோம், அடுத்த மாதம் மாற்றுவோம் என்று இழுத்தது இன்றைக்குக் கழுத்தைப் பிடித்தது.

சடகோபன் இரண்டு ரயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"இது ஹைவே டயருண்ணே. எண்பதாயிரம் கிலோமீட்டர் கேரண்டி, லேசுல தேயாது. இது மலையில இருக்கிறவங்க வாங்குறது. மெத்துனு இருக்கும். சின்னச் சின்னதா கீறல் போட்டிருக்கான் பாருங்க, அது பனியக் கவ்விக்கும். ஆனா நாப்பதாயிரம் ஓடுனாப் பெரிய விஷயம்."

யசோதரன் குந்தியிருந்து இரண்டிலும் பெருவிரல் நகத்தை ஊன்றிப் பார்த்தான். மலை ரயரில் நகம் பதிந்தது. மற்றதில் பதியவில்லை. அவன் வன்னியில் பன்னிரண்டு வருடம் வான் ஓடியவன். யுத்தத்தில் சாமான்களுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் அங்கே ஒரு ரயர் கிடைப்பது பவுண் கிடைத்த மாதிரி. கடைசி மாதங்களில் காற்றுப்போன ரயருக்குள் வைக்கோலை அடைத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை நகம் பதியாதது மட்டும்தான் ரயர்.

"இதைப் போடுங்கோ."

"இன்னிக்கு எங்க போறீங்க? மலைக்குத்தானே? குளிர்ல இந்த ரப்பர் கல்லாயிடும்லா. தேயாத ரப்பர் பிடிக்காது. ரெண்டும் ஒண்ணுல கிடைக்காது."

"அண்ணை, நான் வன்னியிலை ஓடினனான். கிடங்கு, சேறு, மணல் எல்லாம் பார்த்தாச்சு."

"வன்னியில ஸ்னோ கொட்டுமா?"

யசோதரனுக்கு அந்தக் கிண்டல் பிடிக்கவில்லை. "ஒரு நாள் பனிக்காக நாலு வருச ரயரை விடேலாது" என்றான். நாசமாய்ப் போன அந்த நேரத்திலும் அவன் புத்தி எங்கே ஓடியது என்றால், தம்பிக்கு விசா கிடைக்கும், லைசென்ஸ் எடுப்பான், இந்தக் காரை அவனிடம் கொடுத்துவிடலாம், அப்போதும் ரயர் புதிதாக இருக்கவேண்டும் என்றுதான் ஓடியது. ஆசைதான், வேறென்ன. சடகோபன் பேசாமல் நாலையும் மாட்டினார். பனியில் சறுக்காமல் சில்லில் பூட்டுகிற சங்கிலி ஒரு சோடியைக் கொண்டுவந்து டிக்கியில் போட்டார்.

"ரோட்டுல வெள்ளையாக் கண்ட உடனே இத முன் வீல்ல மாட்டிடுங்க. யோசிக்காதீங்க."

சும்மா சொல்லக்கூடாது, ஹியூம் நெடுஞ்சாலையில் அந்த ரயர் வெண்ணெய் மாதிரி ஓடியது. சத்தமில்லை, ஆட்டமில்லை. நாலு மணிக்கு மலையடிவாரத்துக்கு வந்துவிட்டான். நான் தெரிந்துதான் எடுத்தேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை கூட வந்தது.

ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வீதியோரம் வெள்ளை தெரிந்தது. பிறகு வீதியிலேயே திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சங்கிலி நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் திட்டுக்கு நடுவே தார் கிடக்கிறது. தாரில் சங்கிலி உரசினால் புது ரயரைக் கடித்துவிடும். இன்னும் கொஞ்சத் தூரம் போகட்டும் என்று விட்டான். சங்கிலி மாட்டும் இடம் ஒரு கிலோமீற்றரில் என்று பலகை வந்தது. சரி, அங்கே போய் மாட்டலாம் என்று நினைத்தான். அந்த ஒரு கிலோமீற்றருக்குள் வந்த வளைவில் கார் திரும்பவில்லை. அவன் ஸ்ரியரிங்கைத் திருப்பினான், சில்லும் திரும்பியது, கார் மட்டும் நேரே போனது. பிறேக்கை மிதித்தால் இன்னும் வேகமாகப் போவது போலிருந்தது. மெதுவாக, யாரோ தூக்கி வைத்த மாதிரி, வீதியோரக் கான் பள்ளத்துக்குள் போய்ச் சரிந்தது. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை, காருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வெளியே வரமுடியவில்லை. காரின் காற்பாய்களைச் சில்லுக்கு அடியில் போட்டுப் பார்த்தான், கையால் பனியைத் தோண்டிப் பார்த்தான், சில்லு அந்த இடத்திலேயே நின்று சுற்றியது. நகம் பதியாத ரப்பரைத் தொட்டான். கல்லாகத்தான் இருந்தது.

வீதிக் காவல் லொறி வந்து இழுத்து வெளியே விடும்போது ஆறு மணி, இருட்டிவிட்டது. அதற்குள் மேலே பனிப்புயல் பிடித்து, வீதிக்குக் குறுக்கே தடையைப் போட்டுவிட்டார்கள். காலை எட்டு மணிக்குத்தான் திறப்போம் என்றான் லொறிக்காரன். எட்டு மணிக்குப் பிறகு ஏறி, தம்பியை ஏற்றி, இறங்கி மெல்பேர்ணுக்குப் போனால் பகல் ஒரு மணியாகிவிடும். யசோதரன் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் பிரதர் என்றான், விசா என்றான், கையெடுத்துக் கும்பிட்டான். அந்த மனிதன் நல்லவன், தோளில் தட்டினான், ஆனால் தடையைத் தூக்கவில்லை. மேலே ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு ஒன்பது கிலோமீற்றர் என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்போதுதான் போன் அடித்தது.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்? ரோட்டைப் பூட்டிப்போட்டாங்கள்."

"தடைக்குக் கீழை நிக்கிறன். மேலை வரேலாது."

"அப்ப நான் நடந்து வாறன். எவ்வளவு தூரம்?" என்றான் லதீஸ்.

யசோதரன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பொலிசுக்கு அடித்து உதவி கேட்டிருக்கலாம். ஆனால் பொலிஸ் வந்தால் நடக்க விடாது, தம்பியை அங்கேயே வைத்துக்கொள்ளும், பத்து மணி போய்விடும். ஒன்பது என்று உண்மையைச் சொன்னால் அவன் பயந்து நின்றுவிடுவான். அவனிடம் இருப்பது குசினிக்குப் போடுகிற துணிச் சப்பாத்துத்தான் என்பதும் யசோதரனுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"நாலு கிலோமீற்றர்தான். இறக்கம். ரோட்டோரக் கம்பங்களைப் பிடிச்சுக்கொண்டு வா. நானும் ஏறி வாறன்."

சொல்லி முடிக்கத் தொடர்பு அறுந்துவிட்டது.

ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு அவனும் தடையைத் தாண்டி ஏறினான். வீதியோரத்துக் கம்பங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. விழுந்து எழும்பி ஒரு மணித்தியாலம் நடந்தும் யாரையும் காணவில்லை. கொழும்புக்கு அனுப்பினாலும் உயிரோடாவது இருந்திருப்பானே, நான் எல்லோ அவனைச் சாகக் கூப்பிட்டேன் என்று அந்த வீதியில் நின்று வாய்விட்டு அழுதான். பிள்ளையாரை ஏசினான். நிரஞ்சினியை ஏசினான். கடைசியில் தன்னை ஏசுவதற்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை.

எட்டரை மணியளவில் ஒரு கம்பத்தடியில் லதீஸ் இருந்தான். வலதுகாலில் சப்பாத்து இல்லை. பனிக்குள் புதைந்து கழன்று போயிற்றாம். குசினி ஏப்ரனைக் கழற்றிக் காலில் சுற்றியிருந்தான்.

"கால் நோகேல்லை அண்ணை. அதுதான் பயமாக் கிடக்கு" என்றான்.

யசோதரன் அவனை முதுகில் சுமந்துகொண்டு இறங்கிக் காரில் ஏற்றினான். அடிவாரத்துக்குக் கீழே ஒரு நகரத்தில் ஆஸ்பத்திரிப் பலகையைக் கண்டு காரை மெதுவாக்கினான். "உள்ளை போனால் நாளைக்கு விடமாட்டினம். நிப்பாட்டாமல் ஓடுங்கோ" என்றான் லதீஸ். யசோதரன் ஓடினான். ரயர் சத்தமே போடவில்லை.

காலை பத்து மணிக்கு லதீஸ் தமையனுடைய தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி உள்ளே போனான். இரண்டு மணித்தியாலம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். வெளியே வந்து கதிரையில் இருந்தவனால் எழும்ப முடியவில்லை. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. இரண்டு கிழமை பார்த்துவிட்டு, வலதுகாலில் பனியில் விறைத்துச் செத்துப்போன சின்ன விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் வைகாசியில் விசா வந்தது. அந்தக் கடிதத்தை நிரஞ்சினி தபால்பெட்டியடியில் நின்றே, செவ்வாய்க்கிழமை இராகு காலத்தில், பல்லால் கடித்து உடைத்தாள்.

லதீஸ் லைசென்ஸ் எடுத்தான். யசோதரன் நினைத்தபடியே கார் அவனுக்குப் போனது. மருந்துப் பார்சலும் அவனே ஓடினான். எல்லாம் நினைத்தபடிதான். ஆனால் யசோதரனால் அந்த ரயரைப் பார்க்க முடியவில்லை. வாசலில் கார் நிற்கிற நேரமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஒரு சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு சடகோபனிடம் போய், நாலையும் கழற்றிவிட்டு அந்த மெத்தென்ற ரயரைப் போடச் சொன்னான்.

சடகோபன் குனிந்து ரயரின் பள்ளத்தை அளந்து பார்த்தார். "முக்கால்வாசி அப்படியே இருக்குண்ணே. இன்னும் மூணு வருஷம் ஓடும். எதுக்குக் கழட்டுறீங்க?"

"கழட்டுங்கோ."

லதீஸ் ஸ்ரியரிங்கில் இருந்தபடி, "விடுங்கோ அண்ணை, நல்ல ரயர்" என்றான்.

"உனக்கு ஒண்டும் தெரியாது, பேசாமலிரு." ஒரு வருடமாக யசோதரன் அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் வந்துவிட்டது. "நாலு கிலோமீற்றர் எண்டு நான் உனக்குப் பொய் சொன்னனான். ஒன்பது எண்டு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றான் லதீஸ். "ஹோட்டல் வாசல்லை, ரோட்டுத் தடைக்கு ஒன்பது எண்டு பலகை இருக்கு. வெளிக்கிடேக்கையே பார்த்தனான்."

"பிறகேன்ரா வந்தனீ?"

"நீங்கள் எனக்குப் பொய் சொன்னதில்லை. சொல்லுறியள் எண்டால் வேறை வழியில்லை எண்டு விளங்கிச்சுது."

யசோதரன் கடையின் கதிரையில் போய் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சடகோபன் என்ன செய்வதென்று தெரியாமல் நாலு ரயருக்கும் காற்றை மட்டும் சரிபார்த்துவிட்டார். லதீஸ் காரை ஸ்ராட் செய்து, மூன்று விரல் காலைப் பிறேக்கில் வைத்துக்கொண்டு, தமையன் வந்து ஏறும்வரை பொறுத்திருந்தான்.