தேடி வருவார்

அவளுக்குக் கோபம் வந்தால் சண்டை போடத் தெரியாது, சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் துணிக்கடையில் ஏதோ வாக்குவாதம். மனுஷர் பணம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெண்டாட்டியைக் காணோம். எல்லா மாடியும் ஏறி இறங்கி, கடைசியில் வண்டிகள் நிற்கும் இடத்தில் கண்டுபிடித்தார். "கிளம்பலாமா மேடம்?" என்று அவர் அசடு வழிந்ததில் கோபம் பறந்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே குடும்ப வழக்கமாகிப் போனது. இவள் போவாள், அவர் தேடி வருவார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை.

மலைப் பூங்காவுக்கு வந்தது அவருடைய ஆசை. உள்ளே சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. அடிவார விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, பூங்காப் பேருந்தில் ஏறி, நடைபாதை இரண்டாகப் பிரிகிற நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு பாதை உச்சிக்கு, இன்னொன்று அருவிக்கு. அவர் உச்சி என்றார். முட்டி வலிக்காரியான இவள் அருவி என்றாள்.

"தண்ணி கொட்டறதப் பாக்க இவ்ளோ தூரம் வரணுமா? வீட்டுல குழாயத் தொறந்தாலே கொட்டுமே" என்றார் அவர். கூட இறங்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். இவளுக்குச் சுருக்கென்றது.

"நீங்க உங்க மலையக் கட்டிக்கிட்டு அழுங்க. நான் அருவிக்குப் போறேன்."

எப்படியும் பின்னால் வந்துவிடுவாள் என்று அவர் உச்சிப் பாதையில் நடந்தார். இவள் எங்கும் போகவில்லை. கீழே இறங்கும் பேருந்து ஒன்று வந்து நின்றது, ஏறிக்கொண்டாள். அறைக்கு வந்து டீ போட்டுக் குடித்துவிட்டுப் போர்வைக்குள் படுத்தாள். 'நல்லாத் தேடட்டும்' என்று நினைத்தபடியே தூங்கியும் போனாள். சாயங்காலம் கடைசிப் பேருந்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"கடைசியா எங்கம்மா பாத்தீங்க?" என்று பூங்கா அதிகாரி கேட்டார்.

"உச்சிக்குப் போனாரு சார். எனக்கு முட்டி வலி, அதான் திரும்பிட்டேன்."

சீருடையில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் குழாய்ப் பேச்சையும் கோபத்தையும் எப்படிச் சொல்வது? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். "எங்கண்ணன் பொறுமைக்கு ஒருநாள் உங்களாலதான் கேடு வரும் அண்ணி" என்று விளையாட்டும் வினையுமாக வருஷக்கணக்கில் சொல்லி வந்தவள். அவள் எதிரில் இவளுக்கு வாய் எழவில்லை. அவர் உச்சிக்குத்தான் போயிருப்பார், எத்தனை நாள் ஆசை, பாதியில் திரும்புவாரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தேடுகிறவர்கள் உச்சியைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஹெலிகாப்டர் அங்கேயே வட்டமடித்தது. இரண்டு இரவும் பனி கொட்டியது. மூன்றாம் நாள் விடியும்போதே அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு இவள் எதிரில் உட்கார்ந்தார். "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. சின்ன விஷயமா இருந்தாலும் பரவால்ல. வேற ஏதாவது சொன்னாரா? நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

நாத்தனார் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். "ஒண்ணும் இல்ல சார்" என்றாள் இவள்.

மதியம் ஒரு பேருந்து ஓட்டுநர் விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தார். அலுவலகக் கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இவரா? அன்னிக்கு அந்தப் பிரிவுல என் வண்டிய நிறுத்தி விசாரிச்சாரே! மஞ்சள் சால்வ போட்ட அம்மா யாராவது ஏறினாங்களான்னு கேட்டாரு. என் வண்டில ஏறலன்னேன். அப்ப அருவிக்குத்தான் போயிருப்பா, தனியாப் போய் எங்கயாவது வழுக்கி விழுந்துடப் போறான்னு சொல்லிக்கிட்டே அந்தப் பக்கம் ஓடினாரு."

எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். மஞ்சள் சால்வை இவள் தோளில்தான் இருந்தது. அழுகையும் விக்கலுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். அதிகாரி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வாக்கி டாக்கியை எடுத்து, "மொத்தப் பேரும் அருவிப் பக்கம் திரும்புங்க" என்றார்.

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. அருவிக்குப் போகும் பாதைக்குக் கீழே, பாறை இடுக்கில், கால் உடைந்து கிடந்தவரைக் கண்டுபிடித்தார்கள். உயிர் இல்லை. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து சொன்னார். இவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"விழுந்த உடனே போயிட்டாரா சார்?" என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவதுபோல இருந்தது அந்தக் குரல்.

அதிகாரி தயங்கினார். "இல்லம்மா. இன்னிக்கு விடிஞ்சு கொஞ்ச நேரம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

நாத்தனார் தன்னை அடிப்பாள், முடியைப் பிடித்து உலுக்குவாள் என்று இவள் காத்திருந்தாள். அப்படிச் செய்தால் தேவலை என்றிருந்தது. அவளோ பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"காலைலகூட அந்த சார் அவ்வளவு கேட்டாரே அண்ணி" என்றாள்.