அளவு சரியில்லாத முகமூடி

எங்கள் கடைத் தையல்காரி மதியச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, காகிதப் பையிலிருந்து அந்த முகமூடியை எடுத்து என் முன்னால் வைத்தாள். வெள்ளை சாட்டின், ஓரமெல்லாம் வெள்ளி நூல். சனிக்கிழமை வேஷ விருந்துக்காக மற்றவர்களுக்கு அவள் தைத்திருந்ததெல்லாம் கண்ணோடு நின்றுவிடும். எனக்கானது மட்டும் நெற்றியிலிருந்து தாடைவரை இறங்கியது.

"உங்களுக்குன்னே தனியா தச்சேன்க்கா. ஒருநாளாவது நிம்மதியா இருக்கலாம் இல்ல? யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

நாங்கள் வேலை செய்வது ஒரு டிரை கிளீனிங் கடையில். பத்து வருஷம் நான்தான் கவுண்ட்டரில் இருந்தேன். வருகிறவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவள் என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இஸ்திரி மெஷினின் ஆவிக்குழாய் வெடித்தது. இடது காதிலிருந்து உதட்டு ஓரம்வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு முதலாளியம்மா கடையின் பின்பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். "கொஞ்ச நாளைக்கு இங்கயே இரும்மா. புதுத் தோலு, தூசி ஆகாது." தூசியெல்லாம் பின்பக்கம்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

இந்த ஊரில் வருஷா வருஷம் இலை உதிரத் தொடங்கியதும் தெருப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு கடை கடையாக மிட்டாய் வாங்க வருவார்கள். இந்த வருஷம் எங்கள் கறைக்காரர், அதாவது துணியில் கறை எடுக்கிறவர், "நாம என்ன பாவம் பண்ணோம்? பெரியவங்களுக்கு ஆசை இருக்காதா?" என்று ஆரம்பித்து வைத்தார். பேச்சு பற்றிக்கொண்டது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கடையிலேயே விருந்து, பக்கத்துக் கடைக்காரர்களும் வரலாம், பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. ஆள் வந்து வாங்காமல் வருஷக்கணக்காகத் தொங்கும் துணிகளிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளியம்மா. கறைக்காரர் எடுத்த பட்டாளத்துக் கோட்டு அவர் தொந்தியின்மேல் பொத்தான் போட மறுத்தது. தையல்காரி ஒரு கல்யாண கவுனை எடுத்தாள். "இது யாருதோ, கல்யாணம் நடந்துச்சோ என்னவோ" என்று இரண்டு நாள் கவலைப்பட்டாள். நான் கணுக்கால்வரை நீளும் கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கியை எடுத்தேன்.

"என்ன வேஷம்?" என்றார் முதலாளியம்மா.

"மகாராணி."

"நல்லது. கடைக் கண்ணாடியில மாட்ட ஒரு படம் எடுக்கப் போறேன். எல்லாரும் முகமூடியோட நின்னா ஒரே மாதிரி இருக்கும்." அவர் பார்வை என்மேல் வந்து, வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போனது.

தையல்காரி முகமூடியைக் கொடுத்த அன்று மாலை வீட்டில் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். மாசு மருவில்லாமல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தேன். பொய் சொல்வானேன், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. உள்ளே என் மூச்சு எனக்கே சுட்டது.

வீட்டுக்காரர் கதவோரம் வந்து நின்றார். "நல்லாத்தான் இருக்கு. உள்ள யாரும்மா? எங்க வீட்டு ஆளைக் காணோம், பாத்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்தால் உதடு இடது பக்கம் கோணிக்கொண்டு மேலே ஏறும். கண்ணாடியில் எதுவும் ஏறவில்லை. முகமூடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன்.

சனிக்கிழமை அங்கியைப் போட்டுக்கொண்டு, கறைக்காரர் ஹேங்கர் கம்பியை வளைத்துச் செய்துகொடுத்த கிரீடத்தை வைத்துக்கொண்டு, கோணல் உதட்டின் கடைசி மூலைவரை சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு போனேன். முகமூடியைத் தையல்காரியின் கையில் கொடுத்தேன்.

"அருமையா தச்சிருக்க. எனக்கு அளவு சரியில்ல."

அவள் கவுனின் மடிப்பை நீவிக்கொண்டே நின்றாள்.

முதலாளியம்மா ஆந்தை முகமூடியை நெற்றிக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "படத்துக்கு மட்டும் போட்டுக்கோம்மா. ஒரு நிமிஷம்."

"குழாய் வெடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகலம்மா" என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. "ரெண்டு வருஷமா நீங்க சொன்ன இடத்துல உக்காந்திருந்தேன். இனிமே முன்னாடிதான் நிப்பேன். இந்த முகத்தோடதான். படம் வேணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. விருந்துக்கு வந்திருந்த பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். யாரும் எனக்காகப் பரிந்து பேசவில்லை, யாரும் தங்கள் முகமூடியைக் கழற்றவும் இல்லை. முதலாளியம்மா கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். படம் எடுக்கப்படவேயில்லை. கொஞ்சம் கழித்துக் கறைக்காரர்தான் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தார்.

அப்போது தெருக்கதவின் மணி அடித்தது. கடை மூடியிருப்பது தெரியாமல் ஒருவர் மழையில் நனைந்தபடி, சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முதலாளியம்மா திரும்புவதற்குள் நான் கவுண்ட்டர் பலகையைத் தூக்கி உள்ளே போய்விட்டேன். இரண்டு வருஷத்தில் அதன் கீல் இறுகிப் போயிருந்தது.

வந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண்கள் கன்னத்தில் நின்றன, கிரீடத்துக்கு ஏறின, மறுபடி கன்னத்துக்கு வந்தன. நான் முகத்தைத் திருப்பவில்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"என்ன கறை?"

"காப்பிங்க... வியாழக்கிழமைக்குள்ள கிடைக்குமா?"

பின்னால் முதலாளியம்மாவின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. நான் கோட்டை விரித்துக் கறையை வெளிச்சத்தில் பார்த்தேன். வெல்வெட் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தில் புதுத் தாளைப் புரட்டினேன்.

"பேரு சொல்லுங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். திறந்திருந்த கதவு வழியாகக் காற்று ஒரு கை ஈர இலைகளை வாரிக்கொண்டு உள்ளே வந்தது.